லாக்கருக்குள் ஒன்பதாவது இன்னிங்ஸ்

நான் ஆதரிக்கிற பேஸ்பால் டீமின் பெயரைச் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், தெரியாதவர்களுக்குச் சொல்லிப் பிரயோஜனமில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் எங்கேயோ இருக்கிறது, அது போதும். பதினைந்து வருஷமாக அந்தத் தண்டச்சோறுகளை நம்பி ஜுபைலில் விடியற்காலை எழுந்திருக்கிறேன். இதுவரை ஒரு கோப்பை கிடையாது. நல்லா ஆடுகிறவன் ஒருத்தன் வந்தால் அடுத்த வருஷமே முதலாளி அவனை வேறு டீமுக்குத் தள்ளிவிடுவான். அவனுக்குப் பதிலாக முட்டி தேய்ந்த கிழடு ஒன்று வந்து இறங்கும். அதையும் நான் நம்புவேன்.

என் பெயர் ஞானசிங், ஊர் நாசரேத். பெட்ரோகெமிக்கல் பிளான்டில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். நாசரேத்துக்காரனுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேம்ப்பில் கேட்காத ஆள் இல்லை. ஒரு புழுதிக்காற்றுதான் சம்பந்தம். அப்போது நாங்கள் இருந்த பழைய கேம்ப்பில் மொட்டைமாடி டிஷ் ஆன்டெனா காற்றில் கோணிக்கொண்டது. தமிழ் சானல், மலையாளச் சானல், கிரிக்கெட் எல்லாம் போய், ஒரே ஒரு அமெரிக்க விளையாட்டுச் சானல் மட்டும் வந்தது. அதைச் சரிசெய்ய கேம்ப் பாஸுக்கு முழுசாக ஒரு மாதம் பிடித்தது. மற்றவர்கள் இரண்டு நாள் திட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள். எனக்குச் சும்மா படுக்கத் தெரியாது. உட்கார்ந்து பார்த்தேன், தொலைந்தேன்.

எங்கள் ரூமில் ஆறு பேர். ஐந்து பேர் கிரிக்கெட். கிரிக்கெட்டை நான் குறை சொல்லவில்லை, அதைப் பார்க்கிறவர்களைத்தான் சொல்கிறேன். சாரம் கட்டுகிற வேலைக்கு வந்தவன், மூன்றாம் வகுப்பில் ரன் எடுக்க ஓடி விழுந்ததோடு சரி, கட்டிலில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு இந்தியக் கேப்டனுக்கு ஃபீல்டிங் எங்கே நிறுத்துவது என்று பாடம் எடுப்பான். ஜெயித்தால் "நாம ஜெயிச்சிட்டோம்". தோற்றால் "அவனுக தோத்துட்டானுக". என்ன ஒரு சௌகரியமான பக்தி! வருஷத்துக்கு நூற்று அறுபத்திரண்டு ஆட்டம் பார்த்து, அதில் தொண்ணூறு தோல்வியைத் தின்று செரித்தவன் நான். இவர்களோடு சரிக்குச் சரி பேச எனக்குக் கூசும்.

நல்லது எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. இல்லாவிட்டால் நான் என்ன பைத்தியமா? பிட்சர் எறிகிற பந்து நேராக வந்து, மட்டைக்குச் சாண் தூரத்தில் சட்டென்று கீழே விழும். அடிக்க வந்தவன் காற்றை அடித்துவிட்டு அசடு வழிய நிற்பான். அந்த நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். சரியாகப் பட்ட பந்தின் சத்தம் ஒன்று இருக்கிறது. அந்தச் சத்தத்தை வைத்தே பந்து சுவரைத் தாண்டுமா தாண்டாதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சொல்லி என்ன, கேட்க ஆள் வேண்டாமா?

இனி என் கஷ்டத்தைச் சொல்கிறேன். அங்கே சாயங்கால ஆட்டம் என்றால் எங்களுக்கு விடியற்காலை. நாலு, நாலரைக்கு ஆட்டம் தொடங்கும். ஐந்தே காலுக்கு கேம்ப் பஸ் கிளம்பும். பஸ்ஸில் சீட்டுக்குள் ஒடுங்கி உட்கார்ந்து போனில் பார்ப்பேன். ஐந்து ஐம்பதுக்கு பிளான்ட் கேட். உள்ளே கேஸ் இருக்கிற இடம், போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் லாக்கரில் போட்டுவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். நாலாவதோ ஐந்தாவதோ ஓடும்போது என் போன் லாக்கருக்குள் போய்விடும். மீதி ஆட்டம் அந்த இரும்புப் பெட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் நடந்து முடியும். சாயங்காலம் ஆறு மணிக்கு டோக்கனைக் கொடுத்தால்தான் ரிசல்ட். பெரும்பாலும் தோல்வி. வெள்ளிக்கிழமை டூட்டி இல்லை, முழு ஆட்டமும் பார்க்கலாம். அன்றைக்கென்று பார்த்து இன்னும் கேவலமாகத் தோற்பார்கள்.

இந்த அக்டோபரில் உலக அதிசயம் ஒன்று நடந்தது. என் டீம் கடைசிச் சுற்றுக்குப் போவதற்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. நாலு ஜெயித்தவன் மேலே போவான், இரண்டு டீமும் ஆளுக்கு மூன்று ஜெயித்து நிற்கிறார்கள். ஏழாவது ஆட்டம் எதிராளியின் ஊரில். ஜெயித்தால் ஃபைனல், தோற்றால் வீடு. இந்த ஒரு ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸை என் இரண்டு கண்ணால் பார்த்துவிட வேண்டும், அதற்குப் பிறகு என்ன ஆனாலும் சரி என்று முடிவு செய்தேன்.

ஆனால் அது ஷட்டவுன் மாதம். பிளான்டை நிறுத்தி, எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டுகிற நேரம். யாருக்கும் லீவு மாஃபி, கிடையாது. ஆள் மாற்றி டூட்டி பார்க்கலாம், அதற்கும் சூப்பர்வைசர் அருள்ராஜ் கையெழுத்து வேண்டும். அருள்ராஜ் தூத்துக்குடிக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், கிரிக்கெட் வெறியன். போன கிரிக்கெட் ஃபைனல் அன்று மெஸ் ஹாலில் புரொஜெக்டர் கட்டி, ஜூஸ் கொடுத்து, பாதி ஆட்களை டூட்டி மாற்றி உட்கார வைத்தவன். அன்றைக்கு நாலு பேர் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு பிளான்டில் தனியாக நின்றவன் நான். "குச்சி நட்டு விளையாடுறதுக்கு இம்புட்டு ஆட்டமாலே" என்று அவனிடமே கேட்டும் இருக்கிறேன்.

இப்போது அவன் கேபினில் போய் நின்றேன். பதினேழாம் தேதி காலை டூட்டியை என்னோடு வேலை பார்க்கிற ஜெயசீலன் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறான், கையெழுத்துப் போடு என்று சீட்டை நீட்டினேன்.

"அண்ணாச்சி, நீங்க வந்து ஒரு உதவின்னு கேக்கியளே, அதுவே பெருசு," என்றான். "அந்தக் கட்டை விளையாட்டுதானே?"

"ஆமா."

"ஜெயிச்சா எங்களுக்குக் குனாஃபா ஸ்வீட் வாங்கித் தரணும்."

எரிச்சலை அடக்கிக்கொண்டு சரி என்றேன். கையெழுத்துப் போட்டான். அத்தோடு விட்டிருந்தால் அவன் மனுஷன்.

பதினாறாம் தேதி காலை பஸ்ஸுக்குப் போனால் லிஸ்டில் என் பெயர் இல்லை. ஜெயசீலன் ஏறி உட்கார்ந்திருக்கிறான். "உங்களுக்கு இன்னைக்கு ரெஸ்ட் போட்டிருக்கு" என்கிறான். அருள்ராஜுக்குப் போன் போட்டேன்.

"நான்தான் திருத்துனேன் அண்ணாச்சி," என்றான் பெருமையாக. "நீங்க பதினேழுன்னு எழுதியிருந்திய. எதுக்கும் பாப்போம்னு நெட்ல பாத்தேன். மேட்ச் பதினாறுன்னு போட்டிருக்கு. நல்ல வேளை, நான் பாத்தேன்."

அமெரிக்காவில் பதினாறாம் தேதி சாயங்காலம் என்றால் ஜுபைலில் பதினேழாம் தேதி விடியற்காலை. பத்து வருஷமாக கல்ஃபில் இருக்கிறான். ஊரில் இருக்கிற பெண்டாட்டியோடு பேச தினமும் இரண்டரை மணி நேரம் கூட்டிக் கழிக்கிறான். அவனுக்குத் தெரிந்த உலகமே அந்த இரண்டரை மணி நேரம்தான். உதவி செய்கிற முட்டாளைப் போல ஆபத்தானவன் வேறு யாருமில்லை.

"சரி, நாளைக்கு மாத்திப் போடு."

"நாளைக்கு கேட் லிஸ்ட் போயாச்சே அண்ணாச்சி. கலாஸ். ஒண்ணும் செய்ய முடியாது."

ஆட்டமே இல்லாத ஒரு நாளில், ரூமில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தேன்.

பதினேழாம் தேதி நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கட்டிலில் உட்கார்ந்து பஸ் நேரம் வரைக்கும் பார்த்தேன். முதல் இன்னிங்ஸிலேயே மூன்று ரன் கொடுத்தார்கள். நான் திட்டிய திட்டில் எதிர்க் கட்டில் அழகுமலை எழுந்துவிட்டான். மானாமதுரைப் பக்கத்துக்காரன், சாரம் கட்டுகிறவன், மேலே சொன்ன கட்டில் கேப்டன்களில் முதல்வன். அன்றைக்கு அவனுக்கு ரெஸ்ட்.

"நீங்க கெளம்புங்கண்ணே. நான் பாத்துச் சொல்றேன்," என்றான்.

"நீ? உனக்கு இதுல என்ன தெரியும்?"

"ஒண்ணுந் தெரியாதுண்ணே. நடக்குறதை அப்படியே சொல்றேன்."

வேறு வழியில்லை. எங்கள் ஒர்க்‌ஷாப் கேபினில் ஒரு லேண்ட்லைன் உண்டு. அந்த நம்பரைக் கொடுத்து, ஏழு மணிக்கு அடி என்றேன். நான் ஆட்டம் பார்க்கிற ஆப்பை அவன் போனில் போட்டுக் கொடுத்தேன். சாம்பல் டவுசர் நம்ம ஆள், வெள்ளை டவுசர் எதிராளி, மூன்று அவுட் ஆனால் ஒரு பக்கம் முடிந்தது, கேட்ச் பிடித்தால் அவுட், சுவரைத் தாண்டினால் ஹோம் ரன் என்று சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னேன். பதினைந்து வருஷத் தவத்தை ஐந்து நிமிஷத்தில் ஒரு சாரக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு வயிறு எரிந்தது. கேட்டில் லாக்கரைப் பூட்டும்போது மூன்றுக்கு ஒன்று. பின்தங்கியிருந்தோம்.

ஏழு ஐந்துக்கு போன் அடித்தது.

"அண்ணே, நாந்தேன்."

"ஸ்கோரைச் சொல்லு."

"நாலுக்கு மூணுண்ணே. நாலு நம்மது."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். "எத்தனாவது இன்னிங்ஸ்?"

"ஒம்போது. வெள்ள டவுசர்க மட்டை பிடிக்கிறாய்ங்க. ரெண்டு பொட்டு எரியுது."

ரெண்டு அவுட். கடைசிப் பாதி. இன்னும் ஒரே ஒரு ஆளைத் தூக்கினால் ஃபைனல்.

"பேஸ்ல ஆளு உண்டுமா? ஸ்க்ரீன் மூலைல மூணு கட்டம் இருக்கும்லா, எதாவது மஞ்சளா இருக்கா?"

"நடுவுல ஒண்ணு இருக்குண்ணே."

ரன்னுக்குப் பாதி தூரம் ஓடி, ரெண்டாவது பேஸில் ஒருத்தன் நிற்கிறான். மட்டை பிடிக்கிற வெள்ளை டவுசர் சுவரைத் தாண்டி அடித்தால் ரெண்டு ரன், நாங்கள் காலி. "எறியுதவன் யாரு?"

"தாடிக்காரன். துப்பிக்கிட்டே இருக்கான்."

"அந்த நாசமாப் போறவனையா எறக்குனானுவ!"

"எறிஞ்சுட்டான்ணே... அடிக்கல. பின்னாடி குத்தவச்சிருக்கவன் பிடிச்சுட்டான். அம்பயரு கையத் தூக்குறாரு."

"ஸ்ட்ரைக். இது மாதிரி மூணு ஆனா அவுட். சரி. அடுத்தது?"

"தொப்பியைச் சரி பண்றான். துப்புறான். எறியிறான்... அடிச்சுட்டான்ணே! பெரிய அடி. மேல போகுது. மேல போகுதுண்ணே. நம்மாளு பின்னாடியே ஓடுறான், செவுத்துக்கிட்ட போயிட்டான்..."

அதற்குப் பிறகு போனுக்குள்ளிருந்து ஒரே கூச்சல். நாற்பதாயிரம் பேர் அலறுகிற இரைச்சல். அழகுமலையின் குரலைக் காணோம்.

"லேய்! என்னல ஆச்சு? சொல்லித் தொலையேன்!"

நான் மூச்சு விட்டேனா என்று ஞாபகமில்லை.

"பிடிச்சுட்டாண்ணே," என்றான். "செவுத்துல ஏறிப் பிடிச்சுட்டான்."

"ஜெயிச்சாச்சா?"

"ஜெயிச்சாச்சுண்ணே. வைக்கிறேன்." வைத்துவிட்டான்.

நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். ஐம்பது வயதில், கவரால் உடுப்பைப் போட்டுக்கொண்டு, மேஜையில் தலையைச் சாய்த்து அழுதேன். கேபினுக்குள் வந்த வங்காளி ஹெல்பர் ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து என் முதுகைத் தடவினான். அவனைக் கட்டிப்பிடித்தேன்.

அன்றைக்கு நான் யாரையும் திட்டவில்லை. அருள்ராஜ் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். தேதியைக் கெடுத்தவன் என்கிற கோபமே வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில், கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் தெரியாத பதினைந்து பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்தக் கேட்ச்சை நான் நடித்துக் காட்டினேன். சாரத்துக் குழாயில் ஒரு காலை வைத்து எம்பி, ஹெல்மெட்டைத் தலைக்கு மேல் நீட்டி, இப்படித்தான் பிடித்தான் என்றேன். கை தட்டினார்கள். ஒருத்தன் இன்னொரு தடவை என்றான், மறுபடி ஏறிக் காட்டினேன். இவ்வளவு சின்னத்தனமான சந்தோஷத்துக்குத்தானா இவர்கள் கிரிக்கெட் பார்க்கிறார்கள் என்று முதல் தடவையாகப் புரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. வெட்கமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு டோக்கனைக் கொடுத்து போனை வாங்கினேன். ஆன் செய்ததும் முதலில் வந்தது ஸ்கோர். ஐந்துக்கு நாலு. ஐந்து அவர்களுடையது.

தப்பாகப் படிக்கிறேன் என்று மறுபடி பார்த்தேன். கடைசிப் பந்தில் ஹோம் ரன் என்று எழுதியிருந்தது. வெள்ளை டவுசர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குதிக்கிற படம் இருந்தது. வீடியோவும் இருந்தது. தொடவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் கை தட்டினார்கள். "அண்ணாச்சி, அந்தக் கேட்ச்சைக் காட்டுங்க" என்று அருள்ராஜ் பின்சீட்டிலிருந்து கையை நீட்டினான்.

"சார்ஜ் இல்ல," என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கூச்சல் ஞாபகம் வந்தது. ஆட்டம் எதிராளியின் ஊரில். நம்ம ஆள் கேட்ச் பிடித்திருந்தால் அந்த மைதானம் இழவு வீடு மாதிரி அடங்கியிருக்க வேண்டும். நாற்பதாயிரம் பேர் எதற்கு அலறுவார்கள்? ஒரு சின்னப்பிள்ளை கண்டுபிடித்திருக்கும். மட்டையில் பட்ட சத்தத்தை வைத்தே பந்தின் தூரம் சொல்கிற மகா மேதை, அந்த அலறலைக் காதால் கேட்டுவிட்டு மேஜையில் விழுந்து அழுதிருக்கிறேன். மத்தியானம் முழுக்கக் குழாயில் ஏறி ஏறிக் காட்டியிருக்கிறேன். கிரிக்கெட்காரனை முட்டாள் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கேம்ப் வருகிறவரைக்கும் அழகுமலையை எப்படி அடிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கன்னத்திலா, முதுகிலா? அடித்தால் ரூம் மாற்றிவிடுவார்கள், பரவாயில்லை.

ரூமில் அவன் மட்டும்தான் இருந்தான். கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"அடிக்கணும்னா அடிச்சிருங்கண்ணே."

"ஏம்ல பொய் சொன்ன?"

"நீங்க மூச்ச அடக்கிட்டு நிக்கிறது போன்ல தெரிஞ்சுச்சுண்ணே. எங்கூட ஆறு வருசமா இருக்கீங்க. ஒரு நா சிரிச்சுப் பாத்ததில்ல. சாயந்தரம் எப்படியும் தெரியத்தான் போகுது. அதுவரைக்குமாச்சும் இருக்கட்டும்னு வாய் தவறி வந்திருச்சு. அந்த நம்மாளு செவுத்துக்கிட்டயே உக்காந்துட்டாண்ணே. எந்திரிக்கவே இல்ல. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. மத்தியானம் சாப்பிடப் போகல."

கை ஓங்கத்தான் வந்தேன். ஓங்கவில்லை. பாடம் படித்து ஐந்து நிமிஷம் ஆன ஒருத்தன், என் டீமுக்காகச் சோறு தின்னாமல் உட்கார்ந்திருக்கிறான். "நம்மாளு" என்கிறான். பதினைந்து வருஷத்தில் அந்தத் தண்டச்சோறுகள் எனக்குக் கொடுத்தது மொத்தமும் தோல்வி. பதினோரு மணி நேரம் நான் ஜெயித்தவனாக நடமாடியது இவன் கொடுத்தது. நினைக்கவே அவமானமாக இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கவும் எனக்கு மனசில்லை.

ஷூவைக் கழற்றிவிட்டு அவன் கட்டிலிலேயே உட்கார்ந்தேன். அவனும் பயந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்தான். வீடியோ என் கையிலேயே இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"அந்தக் கேட்ச்சை இன்னொரு வாட்டி சொல்லு," என்றேன்.

"எதண்ணே?"

"செவுத்துல ஏறிப் பிடிச்சான்னியே. அது."

என் முகத்தைப் பார்த்தான். கேலி செய்கிறேனா என்று அவனுக்குப் புரியவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பந்து மேல போச்சுண்ணே. நம்மாளு பின்னாடியே ஓடுனான். செவுத்துக்கிட்ட போனதும் அப்படியே எம்பி..."

"மெதுவாச் சொல்லு," என்றேன். "எந்தக் கால முதல்ல வச்சான்?"